கல்வியும் பெண்ணிய அடையாளமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படிப்பு ஏற ஏற பெண்ணியமும் தானாக வந்துவிடுமா?

வராது. நிறையப் படித்த பெண்களில் பலர் தமக்கு நேர்ந்த அநீதியைத் தலையெழுத்து என்றோ தம் சாமர்த்தியக் குறைவு என்றோ எடுத்துக்கொள்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் சமக் கூலி கேட்டுத் தெருவில் இறங்கியிருக்கிறார்கள். பட்டம் தருவது வருமானத்துக்கு ஒரு வழி, வீட்டைவிட்டு வெளியே போக ஒரு காரணம், உறவல்லாத நாலு பேரின் பழக்கம். வாசல் திறக்க இவை போதும். தாண்டுவதற்கு வேறு சில வேண்டும். தனக்கு நடப்பது என்ன என்று சொல்ல ஒரு சொல் வேண்டும். அந்தச் சொல்லைக் கேட்டதும் 'எனக்கும்தான்' என்று சொல்ல ஆள் வேண்டும். பிறகு கையில் எடுத்துச் செய்ய ஒரு வேலை வேண்டும். இவற்றைக் கொடுக்காத படிப்பு கெட்டிக்காரப் பெண்களை உருவாக்கும், அவ்வளவுதான்.

பெண்ணை அடக்கி வைப்பதற்கென்றே கல்வியைப் பரிந்துரைத்தவர்களும் உண்டு. 1762இல் வெளிவந்த 'எமீல்' நூலில் தத்துவவாதி ரூசோ, பெண்ணின் கல்வி முழுவதும் ஆணுக்கு உகந்தவளாக அவளை ஆக்குவதற்கே என்றார். முப்பது வருடம் கழித்து, 1792இல், ஆங்கில எழுத்தாளர் மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட் அதற்குப் பதில் எழுதினார்: பெண்கள் அற்பமாக நடப்பதாகத் தோன்றினால், அப்படி நடக்கவே அவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறீர்கள். இன்றும் ஒரு பாடத்திட்டத்தைப் பார்க்கும்போது முதலில் கேட்க வேண்டியது இதுதான். இது யாருக்கு உகந்தவளாக இவளை ஆக்கப் பார்க்கிறது?

'பெண்ணிய அடையாளம்' என்று எதைச் சொல்கிறீர்கள்?

மூன்று வேறு விஷயங்கள் இந்த ஒரே சொல்லுக்குள் அடைந்து கிடக்கின்றன. ஆணும் பெண்ணும் சமமாக நடத்தப்பட வேண்டும் என்று நினைப்பது கருத்து. 'நான் பெண்ணியவாதி' என்று வாய்விட்டுச் சொல்வது பெயர். மனு எழுதுவது, சம்பளத்தைப் பேரம் பேசுவது, தோழிக்காகச் சாட்சி சொல்வது இவையெல்லாம் செயல். கல்வி இந்த மூன்றையும் ஒரே வேகத்தில் நகர்த்துவதில்லை. கருத்து சீக்கிரம் மாறும். பெயரைச் சூட்டிக்கொள்ள நாளாகும். செயல் பெரும்பாலும் வகுப்பு முடிந்து வெகுகாலம் கழித்து, ஒரு நெருக்கடி வரும்போதுதான் தலைகாட்டும். 'பாடம் நடத்தினோம், ஒன்றும் மாறவில்லை' என்று அலுத்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் முதலாவதைக் கற்பித்துவிட்டு மூன்றாவதை அளந்து பார்த்தவர்கள்.

'நான் பெண்ணியவாதி இல்லை, ஆனால்…' என்று ஏன் இத்தனை பேர் தொடங்குகிறார்கள்?

உளவியலாளர் அலிஸா சக்கர் 2004இல் இதையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டார். பெண்கள் ஆண்களுக்கு இணையாக நடத்தப்படவில்லை, ஒரே வேலைக்கு ஒரே ஊதியம் வேண்டும், பெண்களின் ஊதியமற்ற உழைப்புக்கு இன்னும் மதிப்பு வேண்டும். இந்த மூன்று கருத்துகளையும் ஏற்று, பெயரையும் ஏற்பவர்களைப் பெண்ணியவாதிகள் என்றார். கருத்துகளை ஏற்றுப் பெயரை மட்டும் மறுப்பவர்களைச் சமத்துவவாதிகள் என்று தனியாக வைத்தார். இவர்களைவிடப் பெயரையும் ஏற்றவர்களே செயலில் கூடுதலாக ஈடுபட்டிருந்தார்கள். ஆக, பெயர் வெறும் அலங்காரம் இல்லை.

அதற்காக வகுப்பில் கைதூக்கச் சொல்லிப் பெயரைத் திணிக்கக் கூடாது. பெயரை மறுப்பதற்குக் காரணம் பெரும்பாலும் பயம்: ஆண் வெறுப்பாளி என்பார்கள், திருமணப் பேச்சில் இடிக்கும், அலுவலகத்தில் 'சண்டைக்காரி' என்று முத்திரை குத்துவார்கள். பயத்தை வாதத்தால் போக்க முடியாது. பெயரைச் சுமந்துகொண்டே சாதாரணமாக வாழும் ஆட்களை நேரில் பார்த்தால்தான் போகும். நூறு பக்க வாசிப்பைவிட, வகுப்புக்கு வந்து கேள்விகளுக்குப் பதில் சொல்லும் ஒரு தொழிற்சங்கப் பெண்ணோ வழக்கறிஞரோ இதில் அதிகம் சாதிக்கிறார்.

இந்த அடையாளம் எப்படிப் படிப்படியாக உருவாகிறது?

அதிகம் பேசப்படுவது நான்சி டவுனிங், கிறிஸ்டின் ரூஷ் இருவரும் 1985இல் முன்வைத்த ஐந்து நிலை மாதிரி. கறுப்பின அடையாளம் உருவாவதைப் பற்றி வில்லியம் கிராஸ் 1971இல் எழுதியதை அடிப்படையாக வைத்து இதை அமைத்தார்கள்.

முதல் நிலையில் பெண் நடப்பதை இயல்பு என்று ஏற்றுக்கொண்டிருக்கிறாள். இரண்டாவது, கண் திறப்பு. ஒரு சம்பவமோ ஒரு பாடமோ பழைய நினைவுகளையெல்லாம் வேறு வெளிச்சத்தில் காட்டுகிறது. கோபம் வருகிறது, இதற்கெல்லாம் நானும் உடந்தையா என்ற குற்றவுணர்வும் வருகிறது. மூன்றாவது, பெண்களின் தோழமைக்குள் தோய்வது. ஆண்கள் இருக்கும் இடமே வேண்டாம் என்று தோன்றும் காலம் இது. இதன் பிற்பகுதியில் அந்த இறுக்கம் மெல்லத் தளரும். நான்காவது, சேர்த்துப் பார்ப்பது: எது அமைப்பின் கோளாறு, எது இந்த மனிதனின் கோளாறு என்று பிரித்தறிய முடிகிறது. ஐந்தாவது, ஒரு வேலையைத் தேர்ந்து அதில் நிலைத்து நிற்பது.

இதை ஏணியாக நினைத்துவிட வேண்டாம். நிலைகள் வரிசையாகத்தான் வரும் என்பதற்கு ஆய்வுகள் உறுதியான ஆதரவு தரவில்லை. முப்பது வயதில் நான்காம் நிலையில் இருந்தவர், குழந்தை பிறந்து வேலையை விட்டதும் மறுபடி இரண்டாம் நிலையின் கோபத்துக்குப் போவது சகஜம். அமெரிக்கக் கல்லூரிச் சூழலில் பிறந்த மாதிரி என்பதால், சிறு வயதிலிருந்தே உழைத்துப் பிழைத்த பெண்ணுக்கு முதல் நிலை என்பதே பொருந்தாமல் போகலாம். அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே எல்லாம் தெரியும், வாய்ப்புதான் இல்லை. ஆசிரியருக்கு இந்த மாதிரி ஒரு விதத்தில் உதவும். வகுப்பில் ஒருவர் வெடிக்கும்போது 'பாடம் கெட்டுப்போனது' என்று பதறாமல், இது இரண்டாம் நிலை என்று அடையாளம் கண்டுகொள்ளலாம்.

பள்ளியில் எங்கிருந்து தொடங்குவது? தனிப் பாடம் வேண்டுமா?

தனிப் பாடத்துக்கு முன்னால் நடக்கிற பாடத்தைப் பாருங்கள். பள்ளி சொல்லாமல் சொல்லிக்கொடுப்பதை 'மறைமுகப் பாடத்திட்டம்' என்கிறோம். பிலிப் ஜாக்சன் 1968இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல். யார் பெஞ்சைத் தூக்குகிறார்கள், யார் விருந்தினருக்குத் தட்டு ஏந்துகிறார்கள், யாருடைய சத்தத்தை 'துறுதுறுப்பு' என்கிறோம், யாருடையதை 'அடக்கமின்மை' என்கிறோம் என்பதெல்லாம் அதில் அடங்கும்.

ஆசிரியரின் கவனம் எங்கே போகிறது என்பதை எண்ணியே தீர வேண்டும், ஏனென்றால் உள்ளுணர்வு இதில் ஏமாற்றும். பெண்ணிய ஆய்வாளர் டேல் ஸ்பெண்டர் 1980களின் தொடக்கத்தில் தன் சொந்தப் பாடவேளைகள் பத்தை ஒலிப்பதிவு செய்து கணக்கிட்டார். சமமாக நடக்க வேண்டும் என்று முனைந்தும், மாணவிகளுக்குப் போன நேரம் சராசரியாக 38 சதவீதம். மிக அதிகமாகப் போன வகுப்பிலும் 42 தான்.

எண்ணும் முறை எளிது. இன்னொரு ஆசிரியர் இருக்கை வரைபடத்தோடு பின்வரிசையில் உட்கார வேண்டும். பெயர் சொல்லி அழைத்தது, கையுயர்த்தியவருக்கு வாய்ப்புத் தந்தது, கத்திச் சொன்ன பதிலை ஏற்றது, 'ஏன் அப்படி?' என்று தொடர்ந்து கேட்டது, பாராட்டியது, கண்டித்தது என ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி. குறைந்தது ஐந்து பாடவேளை, வெவ்வேறு பாடங்களில். பலரும் தவறுவது கணக்குப் போடுவதில். 18 மாணவிகளும் 22 மாணவர்களும் இருக்கும் வகுப்பில் 60 குறிகளில் 20 மாணவிகளுக்கு என்றால், பாதிக்குப் பத்துதான் குறைவு என்று விட்டுவிடக் கூடாது. தலைக்கு எவ்வளவு என்று வகுக்க வேண்டும். மாணவிக்கு 1.1, மாணவனுக்கு 1.8. பாராட்டை எண்ணும்போது எதற்காக என்றும் எழுதுங்கள். 'கையெழுத்து அழகு' ஒரு பக்கமும் 'யோசனை அபாரம்' இன்னொரு பக்கமும் சேர்வதைப் பல வகுப்புகளில் பார்க்கலாம்.

திருத்துவதற்கு ஒரே ஒரு பழக்கம் நிறைய வேலை செய்கிறது. கேள்வி கேட்டதும் வாயை மூடிக்கொண்டு மூன்று விநாடி காத்திருங்கள். ஆசிரியர்கள் சாதாரணமாகக் காத்திருப்பது ஒரு விநாடி அளவுதான் என்றும், மூன்றுக்கு நீட்டினால் அதிகம் பேர், நீளமாகப் பதில் சொல்கிறார்கள் என்றும் 1970களில் மேரி பட் ரோ காட்டினார். முந்திக்கொண்டு கத்துபவரின் ஆதிக்கம் இதிலேயே குறையத் தொடங்கும்.

பாடப்புத்தகத்தில் எதைப் பார்ப்பது?

ஐக்கிய நாடுகள் அவை 1979இல் ஏற்றுக்கொண்ட, பெண்களுக்கு எதிரான பாகுபாடுகளை ஒழிக்கும் உடன்படிக்கை, தன் 10ஆவது பிரிவில், ஆண்–பெண் பற்றிய வார்ப்பு எண்ணங்களைப் பாடநூல்களிலிருந்து நீக்கத் திருத்தம் செய்யும்படி நாடுகளைக் கேட்கிறது. ஆகவே இதைக் கேட்டு மனு கொடுக்க உங்களுக்கு ஆதாரம் இருக்கிறது.

ஒரு புத்தகத்தை இரண்டு பேர் தனித்தனியாகப் படித்துக் குறித்து, பிறகு ஒப்பிட வேண்டும். படங்களில் ஆண், பெண் எத்தனை; யார் கையில் கருவி, யார் கையில் குழந்தை. பெயர் சொல்லப்பட்ட அறிஞர்களில் பெண்கள் எத்தனை. கணக்குகளைத் தனியாகப் பாருங்கள்: கடன் வாங்குவதும் நிலம் அளப்பதும் ரயிலேறுவதும் ஆண், ரிப்பனை வெட்டுவதும் பூ எண்ணுவதும் பெண்.

தமிழ்ப் புத்தகமென்றால் குறிக்கும் அட்டவணையில் இன்னொரு பத்தி சேர்க்க வேண்டும்: வினைமுற்று விகுதி. 'அப்பா வந்தார், அம்மா வந்தாள்.' ஒரே வாக்கியத்தில் ஒருவருக்கு 'ஆர்', மற்றவருக்கு 'ஆள்'. வளர்ந்த ஆணுக்கும் வளர்ந்த பெண்ணுக்கும் எத்தனை இடத்தில் மரியாதை விகுதி வந்திருக்கிறது என்று ஒரு பாடத்தில் எண்ணச் சொல்லுங்கள். ஏழாம் வகுப்புக் குழந்தைகளே செய்துவிடுவார்கள். இலக்கணப் பாடமாகவும் ஆகிவிடும், யாரும் ஆட்சேபிக்க முடியாது.

பெண் படங்களின் எண்ணிக்கையைக் கூட்டிவிட்டுத் திருத்தம் முடிந்ததாகக் கணக்குக் காட்டுவது வழக்கமான ஏமாற்று. படத்தில் பெண் விமானி இருப்பாள். பாடத்தின் உள்ளே அவளைப் பற்றி ஒரு வரி இருக்காது.

பெண்களுக்கான தனிக் கல்லூரி நல்லதா, இருபாலரும் படிப்பது நல்லதா?

அது கட்டடத்தைப் பொறுத்தது இல்லை. தனிக் கல்லூரியில் தலைவர், செயலாளர், மேடைப் பேச்சாளர் எல்லாமே பெண்கள்தான். அந்தப் பழக்கம் பெரிய சொத்து. ஆறு மணிக்குப் பூட்டும் விடுதியும் உடைக் கட்டுப்பாடும் அதே கல்லூரியில் அந்தச் சொத்தைக் கரைக்கலாம். இருபாலர் கல்லூரியில் சேர்த்துக்கொண்டால் மட்டும் சமம் வந்துவிடாது. இன்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் பகுதியாக உள்ள கர்ட்டன் கல்லூரி பெண்களுக்கென 1869இல் தொடங்கியது. அந்தப் பல்கலைக்கழகத்தின் முழு உரிமையுள்ள பட்டம் பெண்களுக்குக் கிடைத்தது 1948இல். இடையில் எழுபத்தொன்பது வருடம்!

ஒரு பருவம் பெண்ணியல் பாடம் படித்தால் உண்மையில் ஏதாவது மாறுமா?

மாறும். பெண்ணியல் துறை என்ற ஏற்பாடு 1970இல் சான் டியாகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் உருவானதிலிருந்து கேட்கப்படும் கேள்வி இது. அடினா பார்காட், ஜேனட் ஹைட் இருவரும் 1991இல் வெளியிட்ட ஆய்வில், இந்தப் பாடம் எடுத்த மாணவிகளையும் எடுக்காதவர்களையும் பருவத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒப்பிட்டார்கள். எடுத்தவர்களிடம் ஐந்து நிலைகளில் முதலாவதான செயலற்ற ஏற்பு குறைந்து பிற்கால நிலைகளின் மதிப்பெண் கூடியிருந்தது. விருப்பப் பாடம் என்பதால், ஏற்கெனவே ஓரளவு சாய்வுள்ளவர்களே சேர்கிறார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

அப்படியொரு பாடத்தை வடிவமைக்கும்போது எங்கே கோட்டை விடுகிறார்கள்?

முதல் தவறு, கோட்பாட்டிலிருந்து தொடங்குவது. பெண்ணிய இயக்கத்தின் அலைகள் ஒன்று, இரண்டு, மூன்று என்று மனப்பாடம் செய்தவருக்குத் தன் வாழ்க்கையோடு அதை ஒட்டத் தெரியாது. முதல் மூன்று வாரம் சொந்த அனுபவத்தை அளக்க வையுங்கள்.

சிறந்த கருவி நேரக் குறிப்பேடு. ஒரு நாளைக் கால் மணி நேரமாகப் பிரித்தால் 96 கட்டம். வேலை நாள் ஒன்று, விடுமுறை நாள் ஒன்று. ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு பத்தி: முக்கியமாகச் செய்தது, அதோடு சேர்த்துச் செய்தது. இந்த இரண்டாவது பத்தியில்தான் விஷயமே இருக்கிறது. 'டிவி பார்த்தேன்' என்ற கட்டத்தின் பக்கத்தில் 'துணி மடித்தேன், பாட்டிக்கு மாத்திரை கொடுத்தேன்' என்று வரும். அந்தப் பத்தி இல்லாவிட்டால் இது ஓய்வு என்று பதிவாகிவிடும். இரவில் உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து நிரப்பக் கூடாது. இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை எழுத வேண்டும். வீட்டில் ஒரு பெண்ணும் ஓர் ஆணும் ஒரே நாளில் நிரப்பிய தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு, வீட்டுவேலையை, நாட்டின் வருமானத்தை அளக்கும் தேசியக் கணக்கு ஏன் எண்ணுவதில்லை என்று 1988இல் மர்லின் வாரிங் எழுப்பிய கேள்வியைச் சொன்னால், விளக்கமே தேவைப்படாது.

இரண்டாவது தவறு, துயரப் பட்டியல். வரதட்சணை, வன்முறை, கருக்கொலை என்று வாரம் ஒன்றாக அடுக்கினால் பருவ முடிவில் மாணவிகள் சோர்ந்துபோவார்கள். ஒவ்வொரு அநீதிக்கும் பக்கத்தில் அதை எதிர்த்தவர்கள் என்ன செய்தார்கள், எதில் வென்றார்கள், எதில் தோற்றார்கள் என்பதும் வர வேண்டும். மூன்றாவது, பெண்ணியத்துக்குள் நடந்த சண்டைகளை மறைத்து ஒரே குரலாகக் காட்டுவது. நான்காவது, கருத்துக்கு மதிப்பெண் போடுவது. ஆசிரியருக்குப் பிடித்ததை எழுதத் தெரிந்த மாணவிக்குப் பத்துக்குப் பத்து கிடைக்கும், மனதில் ஒன்றும் ஏறியிருக்காது. ஆதாரத்துக்கும் வாதத்துக்கும் மட்டும் மதிப்பெண் போடுங்கள்; எதிர்க்கருத்தை நன்றாக வாதிட்டவர் முழு மதிப்பெண் வாங்க முடிய வேண்டும்.

கடைசி மூன்று வாரம் ஒரு சிறு வேலைக்கு: வளாகத்தின் விளக்கில்லாத பாதைகளை வரைபடமாக்குவது, பாலியல் துன்புறுத்தல் புகார்க் குழுவின் உறுப்பினர் பட்டியல் அறிவிப்புப் பலகையில் இருக்கிறதா என்று பார்ப்பது, இல்லையென்றால் எழுதிக் கேட்பது. முடியக்கூடிய அளவில் சின்னதாக இருக்க வேண்டும். பெரிய பிரச்சாரம் பாதியில் நின்றால் 'எதுவும் நடக்காது' என்ற பாடத்தைத்தான் கற்பிக்கும்.

கல்லூரிக்கே போகாதவர்களுக்கு?

அங்கேதான் இதன் பழைய, வலுவான வடிவம் இருக்கிறது: கூடிப் பேசும் வட்டம். 1967இல் உருவான 'நியூயார்க் ராடிக்கல் விமன்' குழு இந்த முறையை வளர்த்தது. கேத்தி சாராசைல்ட் 1968இல் அதற்கு ஒரு செயல்திட்டம் எழுதினார். கிட்டத்தட்ட அதே காலத்தில் பிரேசில் கல்வியாளர் பவுலோ பிரெய்ரே, எழுத்தறிவு வகுப்பே உலகை வாசிக்கும் வகுப்பாகவும் இருக்க முடியும் என்று காட்டினார். அவர் எழுத்தில் மனிதன் என்றாலே ஆண்தான் என்று அமெரிக்கப் பெண்ணிய எழுத்தாளர் பெல் ஹூக்ஸ் பிற்பாடு சுட்டிக்காட்டினார். அவரிடம் நிறையக் கற்றுக்கொண்டவர் சொன்ன குறை அது.

எட்டு முதல் பன்னிரண்டு பேர். வாரம் ஒருமுறை, ஒன்றரை மணி நேரம், பத்து வாரம். ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரே கேள்வி, அனுபவத்தைக் கேட்பதாக: 'உனக்கென்று பணம் முதன்முதலில் எப்போது கையில் வந்தது? அதை என்ன செய்தாய்?' ஆளுக்கு நான்கு நிமிடம், வட்டமாக, யாரும் குறுக்கிடக் கூடாது. பத்துப் பேரென்றால் நாற்பது நிமிடம் ஆகிவிடும். அடுத்த அரை மணி, கேட்டவற்றில் பொதுவாக என்ன இருக்கிறது என்று தேடுவதற்கு. கடைசி இருபது நிமிடம் ஒரு பக்க வாசிப்பு, உரக்க; எழுத்தறியாதவர் இருந்தாலும் சமமாகக் கலந்துகொள்ளலாம்.

வட்டம் உடைவது பெரும்பாலும் அறிவுரையால். ஒருத்தி மாமியாரைப் பற்றிச் சொன்னதும் நாலு பேர் 'நீ இப்படிச் செய்திருக்கலாமே' என்று ஆரம்பித்தால், அடுத்த வாரம் அவள் வர மாட்டாள், வந்தாலும் பேச மாட்டாள். 'அறிவுரை வேண்டாம், கேள்வி கேட்கலாம்' என்பது முதல் நாள் விதி. வெளியே சொல்ல மாட்டோம் என்பது இரண்டாவது. ஆனால் உயிருக்கு ஆபத்து என்றால் உதவிக்கு ஆளைக் கூப்பிடுவோம் என்பதையும் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். வன்முறை பற்றிய பேச்சு வரும், நிச்சயம் வரும். சட்ட உதவி, மருத்துவம், தங்குமிடம் மூன்றுக்குமான தொலைபேசி எண்களை நடத்துபவர் முதல் கூட்டத்துக்கு முன்பே அழைத்துச் சரிபார்த்திருக்க வேண்டும்.

கண் திறந்ததும் வரும் கோபத்தை என்ன செய்வது?

அடக்கச் சொல்லாதீர்கள், ஊதியும் விடாதீர்கள். அந்த வாரங்களில் விவாகரத்து, வேலையை விடுவது, வீட்டைவிட்டுப் போவது போன்ற திரும்ப முடியாத முடிவுகளைக் கொஞ்சம் தள்ளிப்போடச் சொல்லலாம். அடி விழுகிற வீட்டுக்கு மட்டும் இது பொருந்தாது, அங்கே பாதுகாப்பு முதலில். கோபத்தை எழுத்தில் இறக்கச் செய்வது நல்லது: யார் மேல் கோபம், எந்த விதி மேல் கோபம் என்று இரண்டு பத்தியாக. அம்மாவின் பெயர் முதல் பத்தியில்தான் முதலில் வரும். சில வாரம் கழித்து அதே தாளைத் திருப்பிக் கொடுத்தால், பலர் அந்தப் பெயரை அடித்துவிட்டு அடுத்த பத்தியில் ஏதோ எழுதுவார்கள்.

எல்லாப் பெண்களுக்கும் ஒரே பாடம் செல்லுமா?

செல்லாது. அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989இல் எடுத்துக்காட்டிய வழக்கு இதை நன்றாக விளக்கும். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் மேல் கறுப்பினப் பெண்கள் சிலர் பாகுபாட்டு வழக்குப் போட்டார்கள்; 1976இல் தீர்ப்பு. நிறுவனம் பெண்களை எடுத்திருக்கிறது, ஆகவே பாலினப் பாகுபாடு இல்லை. எடுத்த பெண்கள் வெள்ளையர்கள். கறுப்பினத்தவரையும் எடுத்திருக்கிறது, அவர்கள் ஆண்கள். இரண்டுக்கும் நடுவில் நின்ற கறுப்பினப் பெண்ணுக்கு, இரண்டையும் சேர்த்து வழக்காடும் வழியை நீதிமன்றம் தரவில்லை. ஒரே ஆளின் மேல் பல பாகுபாடுகள் சந்திப்பதைச் சொல்லும் குறுக்குவெட்டு என்ற கருத்து இந்த இடைவெளியிலிருந்து வந்தது. வகுப்பில் இதைச் சொல்லிவிட்டு, 'நம் கல்லூரியின் எந்த விதி இரண்டு பட்டியலிலும் சரியாக இருந்து, ஒருத்தியை மட்டும் விட்டுவிடுகிறது?' என்று கேளுங்கள். சாதி, மதம், உடற்குறை, விடுதிக் கட்டணம் எல்லாம் தாமே வந்துவிடும்.

மாற்றத்தை எப்படி அளப்பது?

33 கூற்றுகள் கொண்ட, டவுனிங்–ரூஷ் மாதிரியின் ஐந்து நிலைகளையும் தனித்தனியாக அளக்கும் ஒரு கூட்டு அளவுகோல் 2000இல் வெளிவந்தது, பரவலாகப் பயன்படுகிறது. ஐந்தின் மதிப்பெண்ணையும் கூட்டி ஒரே எண்ணாக ஆக்குவது அடிக்கடி நடக்கும் பிழை. முதல் நிலையில் குறைவதும் ஐந்தாம் நிலையில் கூடுவதும் ஒன்றையொன்று அடித்துவிடும். மொழிபெயர்த்தால், வேறொருவரை வைத்து மூலமொழிக்குத் திருப்பி மொழிபெயர்க்கச் செய்து ஒப்பிடுங்கள். பெயர் கேட்காதீர்கள், அம்மா பெயரின் கடைசி எழுத்தும் பிறந்த தேதியும் சேர்ந்த குறியீடு போதும். தொடக்கம், முடிவு, ஆறு மாதம் கழித்து என மூன்று முறை எடுங்கள். முடிவில் எடுப்பது ஆசிரியரை மகிழ்விக்கும் ஆசையால் வீங்கியிருக்கும். நம்ப வேண்டியது மூன்றாவதை.

யாரும் துணைக்கு இல்லாமல் தனியாகப் படித்தே வர முடியுமா?

கருத்துவரை வரலாம். அதற்கு மேல் இன்னொருவர் வேண்டும், ஒருவர் போதும். வாரம் ஒரு கட்டுரையை இருவரும் படித்து, ஏற்காத ஒரு வரியை மட்டும் அடிக்கோடிட்டு, அதைப் பற்றி அரை மணி நேரம் தொலைபேசியில் பேசலாம். ஏற்ற வரிகளைப் பற்றிப் பேசினால் பத்து நிமிடத்தில் பேச்சு தீர்ந்துவிடும்.